ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்

கணக்கு டீச்சர் படிகளில் தாவித் தாவி ஏறிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முழுவதும் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் தீ அலாரம் காதைக் கிழித்தது.

"கீழ போங்க டீச்சர்! கீழ!" போன வாரம்தான் அவரிடம் முட்டை மார்க் வாங்கிய ஒரு பையன் உத்தரவு போட்டான்.

"என் கிளாஸ் மேல இருக்குடா! வழி விடு!"

மாடி வராந்தாவில் புகை இல்லை. கருகல் வாடை இல்லை. ஒன்பது பி வகுப்பின் வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியின் கண்ணாடி மட்டும் தரையில் சில்லுச் சில்லாகக் கிடந்தது. அதை மிதிக்காமல் ஓரமாக வரிசைகட்டி வந்துகொண்டிருந்தது அவருடைய வகுப்பு.

முன்னால் வாலிபால் கேப்டன். அவளுக்குப் பின்னால் அவளுடைய பெரியம்மா மகன். உடம்பையும் நடையையும் பார்த்து வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"பள்ளிக்கூடமே பத்திக்கிட்டு எரியுதோ என்னமோ, உனக்குப் பந்து கேக்குதா?"

"சாயங்காலம் பைனல் டீச்சர்…" என்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

கடைசியாக வந்தவள் குண்டூசி. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும்; அதனால் அந்தப் பெயர். வாசலோர முதல் பெஞ்ச் அவளுடையது. அவள் ஒருத்திதான் நின்று, சிவப்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

*

தீயணைப்பு வண்டி வந்த வேகத்திலேயே ஏமாந்து நின்றது. மைதானத்தில் மொத்தப் பள்ளியும் வெயிலில் நின்றிருந்தது. படியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட சின்ன வகுப்புக் குழந்தைகள் சிலர் போட்டி போட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நெருப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். கண்ணாடி உடைஞ்சா உள்ள அமுங்கியிருக்கற பட்டன் வெளிய வந்துடும். மணி அடிக்கும். யாரோ உங்க பசங்க வேலை காட்டியிருக்காங்க. இதே நேரம் எங்கயாவது ஒரு வீடு எரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? புரியுதா?"

தலைமை ஆசிரியையைப் பார்த்து அந்த வளாகத்தில் இதுவரை யாரும் 'புரியுதா' என்று கேட்டதில்லை. அவர் காதுகள் சிவந்தன.

அவரைக் கண்டு எல்லோருக்கும் பயம் உண்டு. அவர் மேல் கோபம் மட்டும் யாருக்கும் வந்ததில்லை. காரணம், அவர் தமக்கென்று வைத்திருந்த இரண்டு சட்டங்கள். முதலாவது, யாரையும் ஒளிந்திருந்து பிடிக்க மாட்டார். வராந்தாவில் நடக்கும்போது கையில் இருக்கும் சாவிக்கொத்தால் சுவரில் தட்டிக்கொண்டே வருவார். 'ரயில் வருது' என்று வகுப்புகள் அடங்கிவிடும். அடங்கட்டும் என்பதற்காகத்தான் தட்டுவதே. இரண்டாவது, கோள் சொல்லக்கூடாது. யார் மேலாவது புகார் இருந்தால் அந்த ஆளை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லவேண்டும். காதோடு காதாகச் சொல்ல வந்தால், சொல்ல வந்தவருக்குத்தான் முதல் தண்டனை.

இப்போது ரயில் நேராக ஒன்பது பி-யில் வந்து நின்றது. வாசலில் பக்கத்து வகுப்புத் தலைகள் கொத்துக் கொத்தாக முளைத்தன.

"மூணாவது பீரியட் இங்க யாரு?"

ஓவிய மாஸ்டருடைய பீரியட் அது. மாஸ்டரோ அந்த நேரம் ஓவிய அறை மேசையில் தலை சாய்த்து, குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் ஜன்னல் வழியாகத் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார். பாவம், எழுப்ப வேண்டாம் என்று போய்விட்டார். ஆசிரியர்கள் அறையில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு: ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுப்பதில்லை. டீச்சர் தாமதமாக வந்த காலைகளில் அவர் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் அந்த மாஸ்டர்தான்.

"மாஸ்டரோட பீரியட் மேடம். கிளாஸ்லதான் இருந்தார்" என்றார் டீச்சர்.

மொத்த வகுப்பும் டீச்சரை நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப நீங்க பார்த்திருப்பீங்களே மாஸ்டர்?"

பின்னால் நின்ற மாஸ்டரின் இடது கன்னத்தில், காயாத ஓவியத்திலிருந்து ஒட்டிக்கொண்ட நீல வானம் ஒரு துண்டு இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

"நான்… போர்டு பக்கம் திரும்பி வரைஞ்சிட்டு இருந்தேன் மேடம்."

தலைமை ஆசிரியை போர்டைப் பார்த்தார். துடைத்துவைத்த கறுப்பு. கன்னத்தைப் பார்த்தார். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"சரி. யார் உடைச்சது? எழுந்து நில்லுங்க."

நடந்தது என்னவென்று வகுப்புக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று வகுப்பு நினைத்தது. மாஸ்டர் வராத பீரியடில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் பந்து விளையாட்டு. பந்து ரோடு ரோலர் கையிலிருந்து நழுவி வராந்தாவுக்கு ஓடியது. எடுக்க அவனும் ஓடினான். அலாரம் அடித்தது. இதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை, ரோடு ரோலருக்கும் சேர்த்து. நூலக ஜன்னலை அவன் ஏற்கெனவே ஒரு முறை உடைத்திருந்தான். 'இன்னொரு கண்ணாடி உடைஞ்சா டி.சி. கையில குடுத்து அனுப்பிடுவேன்' என்று தலைமை ஆசிரியை அவன் அம்மாவுக்கு எதிரிலேயே சொல்லியிருந்தார். சொன்னால் செய்வார்.

ரோடு ரோலர் எழுந்தான். "மேடம், நான்…"

கேப்டன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"நாங்கதான் மேடம்."

"நாங்கன்னா?"

"எல்லாரும்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வரிசை வரிசையாக வகுப்பு எழுந்து நின்றது. ஒரு வகுப்புக்கே டி.சி. கொடுக்க முடியாது என்பது கேப்டனின் கணக்கு.

"ஒரு சின்னக் கண்ணாடிக்கு இத்தனை பேரா? கியூவுல நின்னு உடைச்சீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சருக்குள் மட்டும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. என் பிள்ளைகள்! விட்டுக்கொடுக்காதவர்கள்! அந்தப் பெருமை வகுப்பைச் சுற்றிவந்து முதல் பெஞ்சில் முட்டிக்கொண்டது. குண்டூசி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எழுந்திரிக்கலையா?" என்றார் தலைமை ஆசிரியை.

"நான் உடைக்கல மேடம்."

"அப்ப இவங்கதான் உடைச்சாங்களா?"

"இவங்க யாருமே உடைக்கல. பந்து தரையோட உருண்டு போச்சு. பெட்டி என் தலை உயரத்துல இருக்கு. பந்து அந்தப் பக்கம் போகவே இல்ல. நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேனே, எனக்குத் தெரியாதா?"

ரோடு ரோலரின் வாய் திறந்தது, மூட மறந்தது.

"யாருன்னு உனக்குத் தெரியும். அப்படித்தானே?"

"தெரியும் மேடம்."

"சொல்லு."

குண்டூசி வகுப்பைப் பார்த்தாள். வாசலில் முண்டியடித்த தலைகளைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

"இங்க வேண்டாம் மேடம். தனியா சொல்றேன்."

"தனியாவா? என் ஸ்கூல்லயா? இத்தனை வருஷமா நான் கத்தினதெல்லாம் என்ன ஆச்சு? சாப்பாட்டு மணிக்குள்ள, எல்லார் எதிர்லயும் சொல்லணும். இல்லன்னா பந்து யார் கையிலேர்ந்து போச்சோ அவனுக்கு டி.சி. பைனலுக்கு டீமும் போகாது."

டக், டக், டக். ரயில் போய்விட்டது.

*

தலைமை ஆசிரியை படி இறங்கியதும் வகுப்பு கொதித்தது.

"பெரிய உத்தமி!" கேப்டன் முதல் பெஞ்சின் முன்னால் வந்து நின்றாள். "கூட நின்னா கால் தேஞ்சிடுமா உனக்கு?"

"நீ சொன்னது பொய்."

"அவனுக்காகச் சொன்னேன்டி!"

"நானும் அவனுக்காகத்தான் நிஜத்தைச் சொன்னேன்."

"பாதி நிஜம்! மீதியை வாய்க்குள்ள வெச்சு உப்புப் போட்டு ஊற வைக்கிறியா? எங்க பெரியம்மா வந்து நடு வீட்டுல உக்காந்து அழுவாங்க. நீயா வந்து பதில் சொல்லப் போற?"

குண்டூசி புத்தகத்தை எடுத்து விரித்தாள். கண் நிறைந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பையை எடுத்துக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போனாள். காலியான இடத்தில் ரோடு ரோலர் வந்து உட்கார்ந்தான். பெஞ்ச் முனகியது.

"எழுந்து வாடா!" என்றாள் கேப்டன்.

"இருக்கட்டும். நான் உடைக்கலன்னு எனக்கே இவ சொல்லித்தான் தெரியும். அலாரம் அடிச்சதுலேர்ந்து சோத்து நினைப்பே வரல. இப்பத்தான் பசிக்குது."

"உனக்கு டி.சி. குடுக்கப் போறாங்க!"

"குடுத்தா வேற ஸ்கூல்ல பசிக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேப்டன் முறைத்ததும் சிரிப்பு அணைந்தது.

கணக்கு டீச்சர் குண்டூசியைத் தனியே வராந்தாக் கோடிக்கு அழைத்துப் போனார்.

"என்கிட்டயாவது சொல்லும்மா. யாரு?"

"அதுவும் கோள்தான் டீச்சர்."

"சட்டம் பேசற நேரமா இது? அவனை அனுப்பிட்டாங்கன்னா?"

"அனுப்ப விடமாட்டேன். வேற வழியே இல்லன்னா எல்லார் எதிர்லயும் சொல்லிடுவேன். ஆனா அவங்க தெரிஞ்சு செய்யல டீச்சர். காலைல கண்ணாடியில லேசா பட்டு கீறல் விழுந்துச்சு. மூணாவது பீரியட்ல அது தானா பிளந்து கொட்டிடுச்சு. தன்னாலதான்னு அவங்களுக்கே தெரியாது. தெரியாம செஞ்சவங்களைப் போய் ஊரைக் கூட்டி எப்படி டீச்சர் சொல்றது?"

'அவங்க' என்று மரியாதையாகச் சொன்னது டீச்சர் காதில் விழுந்தது. அப்படியானால் பெரியவர் யாரோ. தெரியாமல் பட்டிருக்கிறது. காலையில்.

காலையில் இதே வராந்தாவில் அவர்தான் வந்தார். கக்கத்தில் புத்தகம், தோளில் பை, கையில் போர்டில் வட்டம் போடும் பெரிய மரக் காம்பஸ். அதன் ஒரு கால் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு கதவிலும் சுவரிலும் இடிக்கும். டீச்சர் சிவப்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"நானாம்மா?" என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் குண்டூசி முந்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே டீச்சர்? மாஸ்டர் கிளாஸ்ல இருந்தார்னு நீங்க சொன்னீங்களே. அதுவும் நாங்கதான்னு இவங்க சொன்னதும் ஒண்ணுதானே?"

சரியான பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று டீச்சருக்குத் தோன்றியது.

*

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் இருவரும் தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்தார்கள். முதலில் பேசியது டீச்சர்.

"மேடம், மாஸ்டர் கிளாஸ்ல இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"கன்னத்துல வானத்தை ஒட்டிக்கிட்டு வந்த மனுஷனைப் பார்த்தும் கண்டுபிடிக்க மாட்டேனா? நீங்களா வந்து சொல்றீங்களான்னுதான் உக்காந்திருந்தேன். மாஸ்டர் அப்பவே வந்து ஒத்துக்கிட்டார். மூஞ்சியைக் கழுவாமலே வந்து ஒத்துக்கிட்டார்."

"இன்னொண்ணும் இருக்கு மேடம். கண்ணாடி… என் காம்பஸ் பட்டிருக்கலாம். நானா இருந்தாலும் இருக்கலாம்."

தலைமை ஆசிரியையின் புருவம் உயர்ந்தது. அவர் குண்டூசியைப் பார்த்தார். குண்டூசி ஆமென்று தலையாட்டவும் இல்லை, இல்லையென்று அசைக்கவும் இல்லை.

"என்னம்மா? இவங்களா? இவங்கன்னா இவங்க எதிர்லயே சொல்லு. வேற யாராவதுன்னா அந்த ஆளைக் கூட்டிட்டு வா. முதுகுக்குப் பின்னாடி பேசறது மட்டும் இங்க நடக்காது."

"உங்க சட்டத்தை மீறாமலே சொல்றேன் மேடம். டீச்சர் மட்டும் கொஞ்சம் வெளிய இருக்கட்டும்."

என்ன அர்த்தம்? டீச்சருக்கு விளங்கவில்லை. தலைமை ஆசிரியையும் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கையால் சைகை காட்டினார். டீச்சர் வெளியே வந்து நின்றார். கதவு மூடியது.

உள்ளே குண்டூசியின் குரல் ஏதோ சொன்னது. சின்ன வாக்கியம். பிறகு சத்தமே இல்லை. அவ்வளவு நேரம் அந்த அறை அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. வராந்தாவின் மறுகோடியில் ஒன்பது பி கும்பலாக வந்து நின்று எட்டிப் பார்த்தது. நடுவில் பந்தோடு ரோடு ரோலர். ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்தபடி கேப்டன்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டுக்கடங்காத, மூச்சு வாங்கும் சிரிப்பு. அது யாருடைய சிரிப்பு என்று புரியவே டீச்சருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்கு முன்னால் அவர் அதைக் கேட்டதே இல்லை.

கதவு திறந்தது. தலைமை ஆசிரியை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"டீம் கிளம்பட்டும். அந்தப் பையனும்தான். அவன் உடைக்கல."

வராந்தாக் கோடியில் கூச்சல் வெடித்தது.

"அப்ப யாரு மேடம்?" டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நானா?"

"நாளைக்குக் காலைல, கூட்டத்துல. மொத்த ஸ்கூலையும் வெயில்ல நிக்க வெச்ச விஷயம். மொத்த ஸ்கூல் எதிர்லதான் தீரணும்."

குண்டூசி பின்னாலேயே வந்தாள். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

*

வகுப்பே வண்டியேறிப் பார்க்கப் போன பைனலில் டீம் தோற்றது. அதுவும் கடைசிப் புள்ளியில். ரோடு ரோலர் ஓங்கி அடித்த சர்வ் கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணியில் போய் விழுந்தது.

திரும்பிவரும் வண்டியில் அவன் தலை தொங்கியது. "என்னாலதான்" என்றான்.

"போடா. நாங்க எல்லாரும் சேர்ந்துதான் தோத்தோம்" என்றாள் கேப்டன். "ஆமா! எல்லாரும்!" என்று வண்டி முழுக்கக் கத்தியது.

"இல்லையே. கடைசி சர்வை அவன்தானே வெளிய அடிச்சான்?" என்றது ஜன்னலோரத்துக் குரல்.

வண்டியே திரும்பிப் பார்த்தது. ரோடு ரோலர்தான் முதலில் சிரித்தான், தொப்பை குலுங்க. அடுத்து கேப்டன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு அதை அப்படியே குண்டூசியிடம் நீட்டினாள்.

"இந்தா. வாயை மூடிக்கிட்டுக் குடி."

"மூடிக்கிட்டு எப்படிக் குடிக்கறது?"

"ஐயோ, யாராவது இவளைக் கீழ இறக்கி விடுங்களேன்!"

இறக்கிவிடவில்லை. ஜன்னலோரத்திலிருந்து இழுத்து நடுவில் உட்காரவைத்தார்கள். பள்ளி வாசல் வரும்வரை அவளுக்கு ஒரு பக்கம் கேப்டனும் மறுபக்கம் ரோடு ரோலரும் இருந்தார்கள். ரோடு ரோலர் பக்கம் இருந்ததால் அவளுக்கு உட்கார அரை இடம்தான் கிடைத்தது.

*

மறுநாள் காலை. கூட்ட அரங்கில் பிள்ளைகள் தரையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் ஓரத்துப் பெஞ்சுகளில். மேடையில் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு நாற்காலி. மூட்டு வலிக்காரரான தலைமை ஆசிரியை எப்போதும் உட்கார்ந்தபடியேதான் பேசுவார்.

கணக்கு டீச்சருக்கு ராத்திரி சரியான தூக்கம் இல்லை. காம்பஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார். அதன் நுனியில் கண்ணாடித் தூள் எதுவும் இல்லை. அதனால் என்ன? பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பது என்று முடிவு செய்திருந்தார். முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது. பக்கத்தில் ஓவிய மாஸ்டர் நன்றாகத் தேய்த்துக் கழுவிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். நீலம் முழுவதும் போகவில்லை.

மைக் கரகரத்தது.

"நேத்து அலாரம் பெட்டியோட கண்ணாடியை உடைச்சவங்க எழுந்து நிக்கலாம்."

வரிசைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. மாஸ்டரின் கை தன்னால் கன்னத்துக்குப் போனது. டீச்சர் குதிகால்களைத் தரையில் ஊன்றினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒன்பது பி-யும் இந்தத் தடவை அசையவில்லை.

மேடையில் நாற்காலி கிறீச்சிட்டது. தலைமை ஆசிரியை மேசையில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை நிமிர்த்தி, எழுந்து நின்றார்.

என்ன நடக்கிறது என்று புரிந்த கணத்தில் கேப்டனின் உடம்பு பழக்கத்தில் எழும்பியது. "எழுந்திருங்கடா, எல்லாரும்!" என்று கிசுகிசுத்தாள். ரோடு ரோலர் பாதி எழுந்தேவிட்டான். பின்னாலிருந்து ஒரு ஒல்லிக் கை இருவர் சட்டையையும் பிடித்து இழுத்து உட்காரவைத்தது.

"சும்மா இருங்க. அவங்க நிக்கட்டும்."

தலைமை ஆசிரியை மேசையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, கடைசி வரிசைக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"நேத்து காலைல ரவுண்ட்ஸ் வரும்போது சுவத்துல தட்டிக்கிட்டே வந்தேன். ஒன்பது பி வாசல்ல, சுவருன்னு நினைச்சு அந்தக் கண்ணாடியில தட்டியிருக்கேன்."